எவர்சில்வர் கேரியரில் மிச்ச நேரம்

டீ ஆறவில்லை என்பதைத்தான் ரேணுகாதேவி முதலில் கவனித்தாள். காலையில் ஊற்றிக்கொண்டு ஒரு வாய் குடிப்பதற்குள் மேனேஜர் கூப்பிட்டாரென்று பேன்ட்ரி மேடையில் வைத்துவிட்டுப் போன டீயை, சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது கொட்டிவிட்டுப் போகலாம் என்று எடுத்தாள், கப் கையைச் சுட்டது, மேலே ஆடைகூடப் படிந்திருக்கவில்லை, கொட்டுவானேன் என்று ஊதிக் குடித்துவிட்டுப் பஸ் பிடிக்கப் போனாள். இதற்கெல்லாம் ஆச்சரியப்பட அவளுக்கு நேரமில்லை. சரவணம்பட்டியில் அந்தக் கண்ணாடிக் கட்டடத்தின் நான்காம் மாடியில் மென்பொருள் எழுதிப் பிழைக்கிற அத்தனை பேரில் யாருக்குமே எதற்குமே நேரமில்லை, அதனால்தான் அங்கே மிச்ச நேரம் வந்து தேங்க ஆரம்பித்த சங்கதி வெளியே தெரியக் கொஞ்ச நாளாயிற்று.

தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷினுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவிலிருந்த சந்தில்தான் அது தேங்கியது. கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத் தெரியும். உள்ளே போய் நின்றால் கணுக்காலில் ஏதோ இதமாய் மோதும். அங்கே நின்று பேசினால், அணையப்போகிற செல்போன் அணையாமல் ஒரு புருஷன் பெண்டாட்டி சண்டை முழுவதையும் தாங்கியது. அங்கே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டு இடைவேளை முடிவேனா என்றது. தயிர்சாதம் தீர்ந்து, கை கழுவி, சர்க்கார் பரீட்சைக்கு ஒரு பாடம் படித்து முடித்து நிமிர்ந்தாலும் சுவர்க்கடிகாரத்தின் பெரிய முள் பன்னிரண்டைத் தொடாமல் பக்கத்தில் நின்று காத்துக்கொண்டிருந்தது. எது தீரப்போகிறதோ அதோடு போய் ஒட்டிக்கொள்வது, ஒட்டிக்கொண்டு தீரவிடாமல் பார்த்துக்கொள்வது, இவ்வளவுதான் அந்த மிச்ச நேரத்தின் குணம். நல்லது கெட்டது பார்க்கிற வழக்கம் அதற்கில்லை. கணக்குப் பிரிவுக்காரர் ஒருவர் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்து அந்தச் சந்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போக, கலையப்போகிற வாசனையோடும் அது ஒட்டிக்கொண்டு, மாதம் முடிந்தும் வாசனை போகாமல், சைவம் அசைவம் என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து பெரிய பஞ்சாயத்தே நடந்தது. கொஞ்சம் கண்ணயரலாம் என்று போனவர்கள்தான் பாவம், நன்றாக ஏமாந்தார்கள். களைப்பு தீரப்போகிற நேரத்தில் அந்தக் களைப்பையும் அது தீரவிடவில்லை, படுத்தபோது எப்படி இருந்தார்களோ அப்படியே எழுந்து வந்தார்கள்.

ஆயுத பூஜையன்று மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் சுற்றி, சந்துக்குள் ஒரு கட்டிக் கற்பூரம் ஏற்றினார்கள். அது எரிந்தது, எரிந்துகொண்டே இருந்தது, பொரி கடலையெல்லாம் தீர்ந்து எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பியபிறகும் கட்டி தேயவில்லை, கடைசியில் செக்யூரிட்டிக்காரர் தட்டோடு தூக்கிக்கொண்டு படிக்கட்டுக்குப் போனபிறகுதான் இரண்டு விநாடியில் எரிந்து அடங்கியது. பார்த்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், அத்தோடு சரி. நேரம் எங்கேயிருந்து வருகிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. காலையில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது, சிறுவாணியா பில்லூரா என்று கேட்டுக்கொண்டா பல் தேய்க்கிறோம் என்பதுபோல் இருந்தார்கள்.

வீட்டுக்கு எடுத்துப்போகலாம் என்பதைக் கண்டுபிடித்தவள் பெனாசிர். ரேணுகாதேவிக்கு அடுத்த நாற்காலி, அவளுக்கு அங்கே இருந்த ஒரே சிநேகிதி. தண்ணீர் பாட்டிலில் பிடித்துப் பார்த்தாள், பிளாஸ்டிக்கில் நிற்கவில்லை, பஸ் ஏறுவதற்குள் கசிந்துவிட்டது. எவர்சில்வர் டப்பாவில் பிடித்து மூடியை இறுக்கினாள், சிந்தாமல் சேதாரமில்லாமல் கரும்புக்கடையிலிருந்த அவள் வீடு வரைக்கும் வந்துசேர்ந்தது, அதைத் திறந்துவைத்துப் பிள்ளையின் பிறந்தநாளை இன்னும் கொஞ்சம் நீட்டிக் கொண்டாடினாள். மறுவாரமே, எவர்சில்வரைக் கண்டால் மூக்கைச் சுளிக்கிற பெண்களெல்லாம் தூக்குப்போசியோடு வேலைக்கு வந்தார்கள். வாசலில் பையைத் திறந்து பென் டிரைவ் இருக்கிறதா என்று துருவுகிற செக்யூரிட்டிக்குக் காலிப் பாத்திரத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. எச்.ஆரிலிருந்து மின்னஞ்சல் வந்தது: அலுவலக வளாகத்தில் உருவாகும் நேரம் அனைத்தும் நிறுவனத்தின் உடைமை, ஊழியர்களின் நலன் கருதி அளவோடு எடுத்துச்செல்ல அனுமதிக்கப்படுகிறது. எல்லோரும் நன்றி என்று பதில் போட்டார்கள்.

மேனேஜர் தாமோதரனுக்கு மூக்கில் வேர்க்காமல் இருக்குமா? முதலில் ஒரு மேசையைச் சந்துக்குப் பக்கத்தில் போடச் சொன்னார், பிறகு நாலு மேசை, பிறகு கருவாட்டு வாசனையைப் பொருட்படுத்தாத ஆட்களாகப் பார்த்து ஒரு பட்டியல். வெள்ளிக்கிழமைக்குள் முடிக்கவேண்டிய வேலை முடியவில்லை என்று யாராவது தலையைச் சொறிந்தால், "அங்க போய் உக்காந்து முடிச்சுட்டு வந்துருங்க, கெடு எங்கயும் ஓடிப்போகாது" என்பார். அது உண்மைதான், கெடு அங்கே முடியவே முடியாது, ஆள்தான் முடிந்துபோவான். பாதி நாளில் வேலையை முடித்துக் கொடுக்கிறார்கள் என்று வாடிக்கையாளர்கள் மெச்சினார்கள், அடுத்த வேலைக்குப் பாதிக்கும் பாதி நாள் கொடுத்தார்கள், இப்படியாக மிச்ச நேரம் வந்த பிறகு நான்காம் மாடியில் முன்பிருந்ததைவிட நேரம் குறைந்துபோனது. ஆனாலும் யாருக்கும் அதை விட மனசில்லை. கிளம்பும்போது ஒரு தூக்குப்போசி கிடைக்கிறதே, அது போதும் என்று இருந்தார்கள்.

ரேணுகாதேவி கொண்டுவந்தது மூன்றடுக்குக் கேரியர். மூன்றடுக்கும் அவளுக்கு வேண்டியிருந்தது, ஏனென்றால் விளாங்குறிச்சியில் அவளுடைய அப்பா நாச்சிமுத்து செத்துக்கொண்டிருந்தார்.

மில்லில் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்து ரிட்டையரான மனுஷன். இருதயம் பழைய துணிபோல் ஆகிவிட்டது, ஆபரேஷன் தாங்காது, ஆடி தாண்டினால் பெரிய விஷயம் என்று டாக்டர் சொல்லியனுப்பியிருந்தார். வீட்டில் அவரும் ரேணுகாதேவியும் அவருடைய தங்கை ராமாத்தாள் அத்தையும்தான். அம்மா எப்போதோ போய்விட்டாள், கல்யாணம் ஒன்று நடந்து அதுவும் ஒத்துவராமல் ரேணுகாதேவி திரும்பி வந்தபோது ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல் "உள்ள வா கண்ணு, சாப்புடு" என்றவர் அவர். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவரை விடக்கூடாது என்று அவள் பிடிவாதமாக இருந்தாள். தினம் சாயங்காலம் கட்டிலுக்குப் பக்கத்தில் கேரியரை வைத்து அடுக்கடுக்காகத் திறப்பாள். தீரப்போகிற மூச்சோடு போய் அது ஒட்டிக்கொள்ளும். ஆடி வந்தது, போனது, புரட்டாசியில் அவர் தலையணையில் சாய்ந்துகொண்டு டிவியில் செய்தி பார்த்தார், ஐப்பசி மழையில் பஜ்ஜி கேட்டார். நெஞ்சுவலி மாத்திரை போட்டுத் தணியப்போகிற நேரத்தில் வலியோடும் அது ஒட்டிக்கொள்ளத்தான் செய்தது, பல்லைக் கடித்துக்கொள்வார். பரிசோதித்த டாக்டர், அப்பப்போ இப்படியும் நடக்கும் என்று சொல்லிவிட்டு மாத்திரையை மாற்றி எழுதினார்.

ஒரே ஒரு தொந்தரவு. கேரியரைத் திறக்கும்போதெல்லாம் ஒரு சத்தம் வந்தது. அலுவலகத்து இரைச்சலில் யார் காதிலும் விழாத சத்தம், இந்தச் சின்ன அறையில் தெளிவாகக் கேட்டது.

"யாரோ கூப்புடறாங்க கண்ணு. எடுத்துப் பேசு" என்பார் நாச்சிமுத்து.

"போன் ஒண்ணும் வரலப்பா."

"மணி அடிச்சுது, எனக்கென்ன காது கேக்காதா? பாதியில நின்னு போச்சு. என்ன அவசரமோ என்னமோ, யாருன்னு பாரு."

அத்தைக்கும் கேட்டது. ரேணுகாதேவிக்கும் கேட்டது. கோயில் மணியை ஒரு தட்டுத் தட்டிவிட்டு உடனே கையால் பொத்தினால் எப்படியோ அப்படி, ஒன்று, பிறகு இன்னொன்று, எல்லாமே பாதியில் நின்றன. பாத்திரம் சூட்டில் விரிகிற சத்தம் என்று அவள் அப்பாவிடம் சொன்னாள், தனக்கும் அதையே சொல்லிக்கொண்டாள்.

கனகராஜ் என்ற ஆம்புலன்ஸ் டிரைவர் கார்த்திகை பிறந்த வாரத்தில் அலுவலகத்துக்கு வந்து சண்டை போட்டார். அந்தக் கம்பெனி எழுதி ஓட்டுகிற மென்பொருள்களில் பெரியது அதுதான், சுற்று வட்டாரத்து ஆஸ்பத்திரிகளுக்கு ஆம்புலன்ஸ் அனுப்புவது. ஒருவர் அவசரம் என்று கூப்பிட்டால் அது பக்கத்திலிருக்கிற வண்டியின் டிரைவருக்கு மணியடிக்கும், முப்பது விநாடி காத்திருக்கும், எடுக்கவில்லையென்றால் அடுத்த வண்டி, அதுவும் இல்லையென்றால் அதற்கடுத்தது. கனகராஜ் தொடர்ந்து எடுக்கவில்லை என்று சிஸ்டம் சொன்னதால் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். வரவேற்பறையில் நின்றுகொண்டு கத்துகிறார், போய்ச் சமாதானம் சொல்லிவிட்டு வா என்று தாமோதரன் அதை ரேணுகாதேவி தலையில் கட்டினார்.

அவள் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள். "பாருங்கண்ணா, முப்பது விநாடி காத்திருந்துச்சு, எடுக்கலைன்னு எழுதியிருக்கு. ஒரு தடவை இல்ல, நெறைய தடவை."

"மணி ரெண்டு தடவை முழுசா அடிக்கறதில்லீங்க. பாக்கெட்ல கைய விடறதுக்குள்ள நின்னு போயிருது. காளப்பட்டியில ஒரு அம்மா நெஞ்சப் புடிச்சுட்டு விழுந்துட்டாங்க, நான் ரெண்டு தெரு தள்ளி நிக்கறேனுங்க, வண்டி சூலூர்ல இருந்து போயிருக்குது. போய் என்ன பிரயோஜனம்? நீங்களே கேளுங்க, இந்த மணிதானுங்க, தூக்கத்துல கூட எனக்கு இதான் கேக்குது" என்று அவர் போனை எடுத்து, டிரைவர்களுக்கென்று கம்பெனி வைத்துக்கொடுத்த அந்த மணியை அடித்துக் காட்டினார், காட்டிவிட்டுப் பாதியில் விரலால் நிறுத்தினார்.

ரேணுகாதேவி மடிக்கணினியை மூடினாள். தினம் சாயங்காலம் அப்பாவின் கட்டிலடியில் கேட்கிற அதே சத்தம்.

"பாக்கறேங்கண்ணா" என்று மட்டும் சொல்லி அனுப்பினாள்.

பார்த்தாள். காத்திருந்த நேரத்தை அந்தப் புரோகிராம் அளக்கவேயில்லை; காத்திருக்கச் சொல்லியிருந்த நேரத்தைத்தான் ஒவ்வொரு முறையும் ஒப்பித்துக்கொண்டிருந்தது. உண்மையில் ஆன நேரத்தை எழுது என்று அவள் ஒரு வரி சேர்த்தாள். எழுத ஆரம்பித்தது: நாலு விநாடி, ஆறு விநாடி, இரண்டு விநாடி. முப்பதை ஒன்றுகூடத் தொடவில்லை.

அதற்குள்ளே என்ன நடந்தது என்பதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். வந்து விழுகிற ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு த்ரெட்டை, அதாவது அந்த வேலைக்கென்று தனியாக ஓர் ஆளை, புரோகிராம் ஏவிவிடும். டிரைவர் எடுக்கிறவரை அந்த ஆள் தூங்கவேண்டும், எல்லா ஆட்களுக்கும் படுக்க ஒரே கூடம். எங்கோ ஒரு டிரைவர் எடுத்துவிட்டால், கூடத்து வாசலில் நின்று ஒரு சத்தம், எல்லோரும் எழுந்துகொள்வார்கள். அது தன் டிரைவர் இல்லையென்றால் கடிகாரத்தைப் பார்த்து, இன்னும் எவ்வளவு பாக்கியோ அவ்வளவுக்கு மட்டும் மறுபடி படுக்கவேண்டும். இவர்கள் படுக்கவில்லை. என் டிரைவர் எடுக்கவில்லை, ஆனால் நான் எழுந்துவிட்டேன், அப்படியானால் என் முப்பது விநாடி முடிந்திருக்கவேண்டும் என்று முடிவுகட்டி, மணியைப் பாதியில் நிறுத்திவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார்கள். ராத்திரி பஸ்ஸில் கண்டக்டர் அவிநாசி என்று கத்தியதும், பெருந்துறைக்குப் போகவேண்டியவரும் ஈரோட்டுக்குப் போகவேண்டியவரும் அரைத் தூக்கத்தில் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது. நாலைந்து வண்டிகள் மட்டும் ஓடிய காலத்தில் கத்துகிறவர் எப்போதாவது கத்தினார், பிசகு வெளியே தெரியவில்லை. திருப்பூர், பொள்ளாச்சி, உடுமலை ஆஸ்பத்திரிகளெல்லாம் இந்த வருஷம் சேர்ந்துகொண்டபிறகு வாசலில் ஓயாமல் கத்தல். அப்படி முப்பதில் காத்திருந்தது போக, காத்திருக்காமல் விட்ட விநாடிகள் எங்கேயாவது போய்த்தானே ஆகவேண்டும்? போய்த் தேங்கின.

தாமோதரனிடம் போனாள். கடிகாரத்தைப் பார்க்காத அந்த வரிகளை எழுதியவர் அவர்தான், கம்பெனி தொடங்கிய காலத்தில், மீசை கறுப்பாக இருந்தபோது.

"ஆஸ்பத்திரிக்காரங்க கம்ப்ளைன்ட் பண்ணாங்களாம்மா?"

"இல்லீங்க சார். டிரைவர்கள்தான் சொல்றாங்க. ஆனா நான் அளந்து பார்த்தேன்..."

"பத்து வருஷமா ஓடற புரோகிராம். ஓடற வண்டியில கைய வைக்காத. அப்புறம்..." அவர் பேன்ட்ரிப் பக்கம் பார்த்தார், குரலை இறக்கினார், "இதை நிறுத்துனா அது நிக்கும்னு உனக்குத் தெரியுமில்ல? எனக்கும் தெரியும். உங்கப்பா எப்படி இருக்காரு? நல்லா இருக்காரில்ல? நல்லா இருக்கட்டும்."

மனுஷனுக்கு எல்லாம் தெரிந்துதான் இருக்கிறது என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அன்றைக்கும் அவள் மூன்றடுக்கும் பிடித்துக்கொண்டுதான் போனாள். பாவி என்று அவளை நாம் சுலபமாகச் சொல்லிவிடலாம், நம் அப்பா கட்டிலில் கிடக்கவில்லை.

ஒருநாள் அப்பாவிடமே சொல்லிவிட்டாள். எந்த நேரம், யாருடைய நேரம், மணி ஏன் பாதியில் நிற்கிறது, எல்லாவற்றையும். அவர் சொல்வார், எனக்கு வேண்டாம் கண்ணு, உரியவங்களுக்குப் போகட்டும் என்பார், அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தான் செய்யவேண்டியதைச் செய்துவிடலாம் என்று நினைத்திருந்தாள். நாச்சிமுத்து மின்விசிறியிலிருந்து கண்ணை எடுத்துக் கேரியரைப் பார்த்தார்.

"இன்னிக்குக் கொண்டாந்துட்டயில்ல" என்றார். "தொறந்து வையி."

திறந்தாள். மணி அடித்தது, நின்றது. "நாளைக்கும் கொண்டு வருவயில்ல கண்ணு?" என்று கேட்டுவிட்டு, அவள் பதில் சொல்வதற்குள் அத்தையைப் பார்த்து, "ராமாத்தா, அந்த டிவியக் கொஞ்சம் சத்தமா வையி" என்றார்.

அதிலிருந்து அப்படித்தான். கேரியர் மூடியில் அவள் கை வைத்ததும் டிவி சத்தம் ஏறும். யாரோ கூப்பிடுகிறார்கள் என்று அவர் பிறகு சொல்லவேயில்லை. பயந்துபோன சின்னக் குழந்தைபோல் அவர் அவளுடைய கையையும் கேரியரையும் மாறிமாறிப் பார்த்தார், அவளுக்கு அவர்மேல் கோபம் வந்தது, கோபம் வந்ததற்காக அழுகை வந்தது.

எதிர்வீட்டில் தையல் தைக்கிற ஸ்டெல்லாவின் புருஷன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மோட்டார் போடப்போனவர் ஷாக் அடித்து விழுந்தார். வண்டி கேட்டுக் கூப்பிட்டார்கள், பக்கத்து வண்டி எடுக்கவில்லை என்று அன்னூரிலிருந்து ஒரு வண்டி வந்துசேர்ந்தபோது தூக்கிப்போக உயிர் இல்லை, உடம்புதான் இருந்தது. தினம் ஒரு கிண்ணம் ரசம் கொண்டுவந்து "அப்பாவுக்குக் குடுங்க" என்று வாசலில் கொடுத்துவிட்டுப் போகிறவள் அந்த ஸ்டெல்லா. அவளுடைய கதறல் ஜன்னல்வழியாக உள்ளே வந்தது. அத்தை பின்கட்டில் இருந்ததால், நாச்சிமுத்து தானே சிரமப்பட்டுக் கையை நீட்டி, ரிமோட்டைத் தேடி எடுத்து, சத்தத்தை ஏற்றினார்.

ரேணுகாதேவி மறுநாள் காலை அந்தப் பிசகைத் திருத்தினாள். எழுந்தால் கடிகாரத்தைப் பார், மிச்சமிருந்தால் மறுபடி படு. விஷயம் இவ்வளவுதான், மூன்று வரி. வேறொரு வேலைக்கான மாற்றங்களோடு காதும் காதும் வைத்தாற்போல் அதையும் சேர்த்து அனுப்பினாள். மத்தியானத்துக்குள் ஆன நேரம் முப்பது, முப்பது, முப்பது என்று எழுத ஆரம்பித்தது. அதற்கு முன்பே டிரைவர்கள் எடுத்துவிட்டதால் அப்படி எழுதவும் அதிகம் வேலையில்லாமல் போனது. சாயங்காலம் பேன்ட்ரியில் டீ ஆறியது. கருவாட்டு வாசனை ஒரேயடியாகப் போயிற்று. மேசைகளில் உட்கார்ந்திருந்தவர்களின் கெடுவெல்லாம் ஒன்றாக வந்து கழுத்தில் விழுந்தது.

யார் செய்தது என்பது தெரிய எத்தனை நேரம் ஆகும்? நான்காம் மாடியில் ஒருவரும் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பெனாசிர் மட்டும், "எம் புள்ள தினமும் அந்த டப்பாவைத் திறந்து பாக்குதுடி" என்றாள். அவள் மேசைமேல் யாரோ ஆறிப்போன டீயை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

வீட்டில் நாச்சிமுத்து கேரியரை வாங்கித் தானே திறந்தார். முதல் அடுக்கு, இரண்டாம் அடுக்கு, மூன்றாம் அடுக்கு. ஒவ்வொன்றையும் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, அடுக்கி மூடி, அவளிடம் நீட்டினார்.

"அப்பா..."

"எம் பொண்ணுக்கு ஊரெல்லாம் வேணும்" என்றார், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்குப்பிறகு அத்தையிடம் தண்ணீர் கேட்டார், மாத்திரை கேட்டார், மகளிடம் எதுவும் கேட்கவில்லை. அவள் அலுவலகத்தில் கேரியரை வைத்துவிட்டு லீவு போட்டுக்கொண்டு வந்து கட்டிலடியிலேயே கிடந்தாள், காலைப் பிடித்துவிட்டாள், அவர் காலை இழுத்துக்கொள்ளவுமில்லை, பேசவுமில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை விடிந்ததும் மூச்சு இழுக்க ஆரம்பித்தது. ரேணுகாதேவி ஆம்புலன்ஸுக்குக் கூப்பிட்டாள். மணி இப்போது முழுதாக அடிக்கும், விளாங்குறிச்சிப் பிரிவிலேயே ஒரு வண்டி நிற்கிறது, டிரைவர் டீயைக் கீழே வைத்துவிட்டு எடுக்கக்கூட நேரமிருக்கிறது, ஐந்து நிமிஷத்தில் வாசலில் இருப்பார்; இது அவள் கையால் எழுதியது. "வந்துருவாங்கப்பா, இதோ வந்துருவாங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார், ஏதோ சொல்ல வாயெடுத்தார். வாசலில் சத்தம் கேட்கவில்லை. அத்தை தெருமுனைவரை ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தாள், மறுபடி ஓடினாள். வண்டி வந்தபோது வெயில் ஏறிவிட்டது, அவர் சொல்ல வந்தது என்னவென்று கடைசிவரை தெரியவில்லை.

"கருமத்தம்பட்டியில இருந்து வர்றேனுங்க" என்றான் அந்த டிரைவர், வேர்த்து வழிய. "இங்க நின்ன வண்டி எடுக்கலீன்னு சிஸ்டம் சொல்லுச்சு, அதானுங்க எனக்கு வந்துச்சு."

கருமாதி முடிந்து அவள் வேலைக்குப் போனபோது நான்காம் மாடியே எழுந்து வந்து அவளைச் சுற்றி நின்றது. கோபமெல்லாம் போயிருந்தது, கண் கலங்கியவர்கள்கூட இருந்தார்கள், ஒருவர் டீ கொண்டுவந்து கையில் கொடுத்தார். பேன்ட்ரிச் சந்தில் மேசைகள் மறுபடி போடப்பட்டிருந்தன, சுவர் டிவியில் செய்தி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. கடிகாரத்தின் பெரிய முள் பன்னிரண்டுக்குப் பக்கத்தில் நின்று காத்துக்கொண்டிருந்தது.

"நிலைத்தன்மைக்காகப் பழைய புரோகிராமையே திரும்பப் போட்டுட்டோம்மா" என்றார் தாமோதரன், கையைப் பிசைந்துகொண்டு. "திங்கக்கிழமை சாயங்காலம். கெடுவெல்லாம் தலைக்குமேல வந்துருச்சு, வேற வழியில்ல. உன்மேல யாருக்கும் வருத்தமில்ல."

பெனாசிர் ஃப்ரிட்ஜுக்குப் பின்னாலிருந்து மூன்றடுக்குக் கேரியரை எடுத்துவந்தாள். மூடிகள் இறுக்கமாகப் பூட்டியிருந்தன.

"செவ்வாக்கிழமை காலையில வந்து பாத்தா, சந்துல மறுபடியும் ஊற ஆரம்பிச்சிருந்துச்சுடி" என்றாள். "மொதமொத ஊறுனதை உனக்குத்தான் புடிச்சேன். யாரையும் தொடவிடல. உங்கப்பாவுக்குன்னு சாயந்தரம் நானே கொண்டாந்து குடுத்துரலாம்னு இருந்தேன். பதினோரு மணிக்குத்தான் போன் வந்துச்சு."

ரேணுகாதேவி டீயை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையால் மேல் மூடியைத் திறந்தாள். அவள்மேலுள்ள இரக்கத்தால் முதல்முறையாக அந்த மாடி முழுவதும் வாயை மூடிக்கொண்டு நின்றது, கீபோர்டுகூடத் தட்டப்படவில்லை. அதனால் எல்லோருக்கும் கேட்டது. மணி ஒருமுறை அடித்தது. இரண்டாம் முறை அடிக்க ஆரம்பித்து, நின்றது.

"என்ன சத்தம் அது?" என்று பெனாசிர் கேட்டாள்.

"நான்தான்" என்றாள் ரேணுகாதேவி. "எங்கப்பாவுக்கு வண்டி கேட்டுக் கூப்பிட்டேன்."

அவள் இரண்டாம் அடுக்கைத் திறந்தாள். அதிலும் அடித்தது, அது வேறு யாரோ. மூன்றாம் அடுக்கைத் திறக்கப்போகும்போது கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், சங்கடத்தோடு, மரியாதையோடுதான், "அந்த டிவியக் கொஞ்சம் சத்தமா வைங்களேன்" என்றது. யாரோ வைத்தார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை, கையில் டீ சுட்டுக்கொண்டே இருந்தது.